மலை மேல் டிஷ்கள்: எந்த பேண்டில் யார் இருந்தார்கள், இப்போது யார்?

பூண்டுக்காடு (பூம்பாறை) | சனி, காலை 8:40

வணக்கம். வத்தலகுண்டு காயலான் கடையில் ஆறடி அகல டிஷ் ஒன்று மலிவாகக் கிடைத்தது, வாங்கிப் போட்டுவிட்டேன். கேபிள் டிவிக்காரர் வைத்திருக்கும் வலை டிஷ் இல்லை, முழு அலுமினியத் தகடு. நடுவிலிருந்து ஒரு பித்தளைக் குழாய் வளைந்து வந்து நிற்கிறது. குழாயின் வாய் வட்டம் இல்லை, செவ்வகம். பெயர்த்தகடு தேய்ந்துபோய் ஓர் எழுத்தும் தெரியவில்லை. கடைக்காரரைக் கேட்டால் "மலையில இருந்து இறக்குன சரக்கு" என்பதோடு சரி.

இதை யார், எதற்கு வைத்திருந்திருப்பார்கள்? அப்புறம் பொதுவாகவே ஒரு சந்தேகம். கொடைக்கானலிலும் பெருமாள்மலைப் பக்கமும் டவர்களில் மத்தளம் மாதிரி வட்டமாக எத்தனையோ தொங்குகின்றன. எந்த அலைவரிசையில் யார் இருக்கிறார்கள், முன்னால் யார் இருந்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முடிந்தால் இந்த டிஷ்ஷை வைத்து வீட்டுக்கு இணையம் இழுக்கலாமா என்றும் சொல்லுங்கள்.

ஆர்டர்வயர் (பெரியகுளம்) | சனி, காலை 10:05

தம்பி, அந்தக் குழாய்க்கு வேவ்கைடு என்று பெயர், ரேடியோ அலையை உள்ளே ஏந்திப்போகும் குழாய். செவ்வக வாயின் உள் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து போடுங்கள். வெளி அகலம் வேண்டாம், உள்ளே. அதை வைத்தே பாதி ஜாதகம் சொல்லிவிடலாம்.

அளக்கும் வரை பழைய கதை. தொலைபேசித் துறையில் மைக்ரோவேவ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். நம் நாட்டில் முதல் மைக்ரோவேவ் தடம் 1965ல் கல்கத்தாவுக்கும் அசன்சோலுக்கும் இடையே வந்தது. அமெரிக்காவில் 1951லேயே கரைக்குக் கரை 4 கிகாஹெர்ட்ஸில் கோபுரம் கோபுரமாகக் கடத்திவிட்டார்கள். இங்கே பிறகு 2, 4, 6, 7 என்று வரிசையாக வந்தது. பெரிய ஊருக்குப் பெரிய ஊர் போகும் முதுகெலும்புத் தடம் 4லும் 6லும். அனலாக் காலத்து 6 கிகா கருவி ஒன்று ஒரே நேரத்தில் 1800 பேச்சைச் சுமக்கும். டிஜிட்டல் வந்ததும் 140 மெகாபிட், அதாவது 1920 பேச்சு. கிளைத் தடங்களுக்கு 2 அல்லது 7. ரயில்வேக்கும் 7ல் சொந்தத் தடங்கள் இருந்தன.

சமவெளியில் நாற்பது, ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு கோபுரம் வேண்டும், பூமி வளைந்திருப்பதால். மலை கிடைத்தால் யோகம். கொடைக்கானலிலிருந்து மதுரைக்கு நேர்கோட்டில் 75 கிலோமீட்டருக்கு மேல் வரும். கோக்கர்ஸ் வாக்கில் நின்று ராத்திரி மதுரை வெளிச்சத்தைப் பார்க்கிறீர்களே, கண்ணுக்குத் தெரிகிற தூரம் அலைக்கும் தெரியும். 2100 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஆன்டெனாவுக்குக் கணக்குப்படி ரேடியோ தொடுவானமே 190 கிலோமீட்டர் அளவு.

ஆனால் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை நூல் மாதிரி நேராகப் போகாது, நடுவழியில் உப்பிப் போகும். 50 கிலோமீட்டர் தடத்தில் 6 கிகா அலை நடுவில் சுற்றிலும் 25 மீட்டர் இடம் கேட்கும். அந்த இடத்துக்குள் ஒரு மேடோ தோப்போ தலை நீட்டினால் சிக்னல் இறங்கும். அதனால்தான் சர்வேக்குப் போகிறவர்கள் பையில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று கட்டாயம் இருக்கும். ஒரு குன்றில் ஒருவர் நின்று வெயிலைக் கண்ணாடியில் வாங்கி ஆட்டுவார். எதிர்க்குன்றில் இன்னொருவர் தொலைநோக்கியில் தேடுவார். மினுக்கல் தெரிந்தால் பாதை உண்டு, அதன்பிறகுதான் வரைபடத்தை விரித்து உயரம் கணக்குப் போடுவது. மேகம் மூடினால் அன்றைய வேலை போச்சு. கீழே இறங்கி டீ குடித்துவிட்டு மறுநாள் வர வேண்டியதுதான்.

நிலையத்துக்குள் என்ன வேலை என்று கேட்டால் பாதி நேரம் ஈரத்தோடு சண்டை. மலையில் ஈரம் வேவ்கைடுக்குள் புகுந்தால் தீர்ந்தது. அதனால் உலர்ந்த காற்றை லேசான அழுத்தத்தில் உள்ளே ஏற்றிக்கொண்டே இருக்கும் ஓர் இயந்திரம் உண்டு. அதன் பக்கத்தில் கண்ணாடிக் குடுவையில் சிலிக்கா ஜெல் நீலமாக இருக்கும். ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாக மாறும். காலையில் டியூட்டிக்கு வந்தவர் முதலில் பார்ப்பது அந்த நிறத்தைத்தான். சிவந்திருந்தால் எடுத்து அடுப்பில் வறுத்து நீலமாக்கித் திரும்பப் போடுவோம். அப்புறம் பேட்டரி அறை, மைனஸ் 48 வோல்ட், ஆசிட் நெடி, டீசல் ஜெனரேட்டர். பக்கத்து நிலையத்தோடு பேச ஆர்டர்வயர் என்று ஒரு தனி போன். என் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

டிஷ்கடை (வத்தலகுண்டு) | சனி, மதியம் 1:20

ஐயா சொன்னது டவருக்கு டவர். நான் வானத்திலிருந்து வருவதைச் சொல்கிறேன், என் பிழைப்பு அதுதான்.

இன்சாட் 1பி 1983ல் மேலே போனது. அதில் சி பேண்ட், எஸ் பேண்ட் இரண்டும் உண்டு. எஸ் பேண்ட் 2.5 கிகா பக்கம். தூர்தர்ஷனை நேராக இறக்கவும், டெல்லி நிகழ்ச்சியை அகில இந்திய வானொலி நிலையங்களுக்கு அனுப்பவும் அது பயன்பட்டது. சி பேண்ட் இறங்குவது 3.7 முதல் 4.2, ஏறுவது 6 பக்கம். ஐயா சொன்ன அதே 4, அதே 6! பூமியில் தொலைபேசிக்காரர் இருக்கும் பேண்டில்தான் செயற்கைக்கோளையும் குடிவைத்தார்கள். ஒருவர் ஆன்டெனா இன்னொருவர் கண்ணில் படாதபடி திசை பார்த்து இடம் ஒதுக்கினால் இருவரும் இருக்கலாம்.

எங்களுக்கு நல்ல காலம் பிறந்தது 1990ல் ஏசியாசாட் 1 போன பிறகு. அடுத்த வருடம் ஸ்டார் டிவி, 1993ல் சன் டிவி. எட்டு அடி, பன்னிரண்டு அடி வலை டிஷ்ஷைத் துண்டு துண்டாக ஜீப்பில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோய் முடுக்கி, கிழக்கே திருப்பி, எல்என்பியை (டிஷ்ஷின் முன்னால் நின்று அலையை வாங்கும் பெட்டி) அரை அரை இஞ்ச்சாக முன்னும் பின்னும் தள்ளிப் படம் பிடிப்போம். புள்ளி புள்ளியாக இருந்த திரையில் ஒரு பாட்டு தெரிந்துவிட்டால் வீட்டுக்காரர் காபி கொடுப்பார்.

எல்என்பிக்குள் நடப்பது ரொம்ப எளிமை. வானத்திலிருந்து வருவது 3.7–4.2 கிகா. அதை அப்படியே கேபிளில் விட்டால் பத்து மீட்டருக்குள் செத்துவிடும். அதனால் உள்ளே 5150 மெகாஹெர்ட்ஸில் ஓர் ஆசிலேட்டர், அதாவது சொந்தமாக அலை கிளப்பும் சுற்று, ஓடும். 5150லிருந்து 4000ஐக் கழித்தால் 1150. அந்த 1150ஐத்தான் கேபிள் கீழே கொண்டுவருகிறது. அதாவது வானத்தில் சி பேண்டில் வந்த படம், உங்கள் வீட்டுச் சுவர் ஓரமாக எல் பேண்டில் (1 முதல் 2 கிகா வரை) இறங்குகிறது.

டிடிஎச் வந்தது கேயூ பேண்டில், 11–12 கிகா. டிடி டைரக்ட் பிளஸ் 2004 டிசம்பரில். அலை நீளம் சின்னது, அதனால் இரண்டடி டிஷ் போதும். பன்னிரண்டடி வைத்திருந்தவன் வயிற்றில் அடித்தது அதுதான். இன்றைக்கு டிடி ஃப்ரீ டிஷ் 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. நம் ஊரிலிருந்து பார்த்தால் 68 டிகிரி உயரம், ஏறக்குறைய உச்சிப் பக்கம். மலை மறைக்காது, தலைக்கு மேல் கவிந்த மரம்தான் மறைக்கும். மழை கொட்டினால் கேயூ பேண்ட் போய்விடும், சி பேண்ட் நிற்கும். என் கன்ட்ரோல் ரூமில் இன்றும் சி பேண்ட் டிஷ் இருப்பதற்கு அதுவே காரணம்.

விண்ணொலி (கொடைக்கானல்) | சனி, மதியம் 2:02

டிஷ்கடை அண்ணே, 5ஜி வந்த பிறகு சி பேண்டில் பூச்சி பறக்கிறதா?

டிஷ்கடை (வத்தலகுண்டு) | சனி, மதியம் 2:31

பறக்காமலா? 2022 ஏலத்தில் 3300 முதல் 3670 வரை மொபைலுக்குப் போனது. என் டிஷ் கேட்பது 3700க்கு மேல். சட்டப்படி இருவரும் அவரவர் இடத்தில்தான். ஆனால் 36,000 கிலோமீட்டரிலிருந்து வருகிற முனகல் ஒரு பக்கம், தெருமுனை டவர் மறுபக்கம். பழைய எல்என்பி 3.4லிருந்தே காதைத் திறந்து வைத்திருக்கும். டவர் பக்கத்தில் வந்ததும் அது திணறிப்போகும். ஃபில்டர் வாங்கிப் போட்டேன், இப்போது பரவாயில்லை. செலவு என் தலையில்.

எஸ் பேண்டும் அதே கதை. தொலைக்காட்சிக்கு வைத்திருந்த 2.5 பக்கத்தில் பிறகு செல்போன் இணையம் வந்தது. அந்த பேண்டை வைத்துத்தான் 2005ல் இஸ்ரோவின் வணிகப் பிரிவான ஆன்ட்ரிக்ஸுக்கும் தேவாஸ் என்ற தனியார் கம்பெனிக்கும் ஒப்பந்தம், 2011ல் அது ரத்து, வழக்கு வெளிநாடு வரைக்கும் போனது.

காற்றுவாங்கி (திண்டுக்கல்) | சனி, மாலை 4:10

எல்லாம் சரி, ஃபைபர் வந்த பிறகு மைக்ரோவேவ் செத்துப்போச்சு. அருங்காட்சியகப் பொருளைப் பற்றி இவ்வளவு பேச்சா?

ஆர்டர்வயர் (பெரியகுளம்) | சனி, மாலை 4:45

வருத்தமாக இருந்தாலும் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நாங்கள் ஓட்டிய 4, 6 கிகா முதுகெலும்புத் தடங்களை ஃபைபர் தின்றுவிட்டது. ஒரு ஜோடி இழையில் போவதை எங்கள் மொத்த நிலையமும் சேர்ந்து சுமக்காது. மைக்ரோவேவ் ஆண்ட காலம் முடிந்தது.

ஏணிக்காரன் (பண்ணைக்காடு) | சனி, இரவு 9:15

இப்போதுதான் டவரிலிருந்து இறங்கினேன். செத்துப்போனதற்காகவா நான் இன்று நாற்பது மீட்டர் ஏறினேன்?

நான் ரிக்கர், டவரில் ஏறி டிஷ் மாட்டுபவன். எந்தக் கம்பெனி என்று வேண்டாம், ஒப்பந்த வேலை. பூண்டுக்காடு அண்ணன் பார்த்த மத்தளங்களில் பெரும்பாலானவை செல்போன் கம்பெனிகளுடையவை. ஒரு டவருக்கும் அடுத்த டவருக்கும் நடுவில் பேச்சையும் டேட்டாவையும் கடத்த. 13, 15, 18, 21 கிகா. மேல்மலையில் நான் அதிகம் கையாள்வது 15, 18. தூரம் கூடினால் 6 அல்லது 7 பேண்டுக்குப் போவார்கள். டிஷ்ஷின் பின்னால் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி, அதுதான் ரேடியோ. ஐயா காலத்தில் ஓர் அறை முழுக்க இருந்தது இப்போது அந்தப் பெட்டிக்குள். வேவ்கைடும் இல்லை, சிலிக்கா ஜெல்லும் இல்லை. ஒரே கேபிள் கீழே போகும்.

ஊருக்குள் ஒன்று, இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு இப்போது இ பேண்ட். 71–76, 81–86 கிகா. டிஷ் ஓரடி, இரண்டடிதான். ஆனால் பத்து கிகாபிட் வரை போகும். ஃபைபர் புதைக்க ரோடு வெட்ட அனுமதி கிடைக்காத இடத்தில், வனத்துறை எல்லை குறுக்கே வரும் இடத்தில் இதுதான் கதி.

மாட்டும்போது ரொம்ப நுணுக்கம். 15 கிகாவில் இரண்டடி டிஷ்ஷின் கதிர் இரண்டு டிகிரிக்குச் சற்று மேல் இருக்கும். இ பேண்டில் அதே அளவு டிஷ்ஷுக்கு அரை டிகிரிக்கும் கீழே. ரேடியோவில் மல்டிமீட்டரைச் செருகி வோல்ட் பார்த்துக்கொண்டே ஸ்பேனரால் கால் திருகு, நிறுத்து, பார், இன்னும் கால் திருகு. முதலில் ஒரு உச்சம் வரும். அதை நம்பி இறுக்கிவிட்டுப் போனால் மாட்டிக்கொள்வீர்கள், அது பக்கக்கதிராக (முக்கியக் கதிருக்குப் பக்கத்தில் சிதறும் பலவீனமான கதிர்) இருக்கலாம். இன்னும் திருப்பினால் சிக்னல் விழுந்து, அப்புறம் அதைவிடப் பெரிதாக எழும். அதுதான் அசல். மேலே காற்று உறைய வைக்கும், விரல் மரத்துப்போகும், எதிர்முனையில் நிற்பவன் போனில் "வந்துச்சா, வந்துச்சா" என்பான்.

எல்லோரும் பனிமூட்டம் வந்தால் லிங்க் போய்விடும் என்று நினைக்கிறார்கள். இல்லை. மூட்டத்தின் துளி மிகச் சின்னது. 15, 18 கிகா அதைக் கண்டுகொள்ளாது. எதிர் டவர் கண்ணுக்கே தெரியாத மூட்டத்தில் லிங்க் ஜம்மென்று ஓடும். பெரிய துளி மழைதான் எமன். மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டினால் 18 கிகாவில் கிலோமீட்டருக்கு 4 டெசிபல் (சிக்னல் பலத்தை ஒப்பிடும் அளவு) அளவு சிக்னல் போகும். இ பேண்டில் 15க்கும் மேல். 6 கிகாவில் அதே மழை அரை டெசிபல்கூடக் கேட்காது.

இன்னொரு எமன் மரம். மாட்டிய நாளில் தெளிவாக இருந்த பாதையில் நாலைந்து வருடத்தில் வாட்டிலும் யூகலிப்டஸும் வளர்ந்து நிற்கும். வெயில் நாளில் சமாளிக்கும், இலை நனைந்தால் படுத்துவிடும். வெட்டவும் முடியாது, பாதி மரம் பட்டா, பாதி ரிசர்வ். டிஷ்ஷை ஆறு மீட்டர் மேலே ஏற்றுவதுதான் வழி. அதற்கும் நான்தான் ஏற வேண்டும்.

2018 கஜாவில் மலையெல்லாம் மரம் சாய்ந்ததே, நினைவிருக்கிறதா? கம்பத்தில் போன ஃபைபர் எல்லாம் அறுந்து தொங்கியது. நான் பார்த்த டவர்களில் முதலில் உயிர் வந்தது ஜெனரேட்டரும் மைக்ரோவேவும் இருந்தவற்றுக்குத்தான். டிஷ் திரும்பியிருந்தால் ஒரு மணி நேரத்தில் சரி செய்துவிடலாம். விழுந்த மரத்தடியிலிருந்து ஃபைபரை மீட்டு ஒட்ட எத்தனை நாள் ஆகும் என்று அந்த ஃபைபர்காரர்களைக் கேளுங்கள்.

குன்னூர்க்காரன் (நீலகிரி) | சனி, இரவு 10:02

ஏணிக்காரன் சொல்வது நூற்றுக்கு நூறு. எங்கள் பக்கம் வாட்டிலுக்குப் பதில் தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக். காட் ரோட்டில் மண் சரிந்தால் ரோட்டோடு ஃபைபரும் போகும். 2009 நவம்பர் நிலச்சரிவைப் பார்த்தவர்கள் ஒரே வழியை நம்பமாட்டார்கள்.

முத்தொரையில் இருக்கும் ஊட்டி ரேடியோ டெலஸ்கோப்பையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா? அதுவும் மலை மேல் ஆன்டெனாதானே.

விண்ணொலி (கொடைக்கானல்) | ஞாயிறு, காலை 7:30

ஆன்டெனாதான், மைக்ரோவேவ் இல்லை. 1970ல் கோவிந்த் ஸ்வரூப் குழு கட்டியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், மலைச்சரிவின் சாய்வு அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக வரும்படி இடம் பார்த்துப் போட்டார்கள். கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ், அலை நீளம் 92 சென்டிமீட்டர். அதே மாதிரி கொடை எஃப்எம்மும் 100.5 மெகாஹெர்ட்ஸ், இதில் சேராது. வழக்கமாக 1 கிகாவுக்கு மேல் போனால்தான் மைக்ரோவேவ் கணக்கு.

அமெச்சூர் ரேடியோக்காரன் என்ற முறையில் ஆரம்பக் கதையையும் சொல்லிவிடுகிறேன். மேல் பேண்டுகளில் முதலில் குடியேறியவர் நம் ஜகதீஷ் சந்திர போஸ். 1895ல் கல்கத்தா டவுன் ஹாலில் கம்பியில்லாமல் மணி அடித்து, வெடிமருந்தைப் பற்றவைத்துக் காட்டினார். அவர் கருவிகள் 5 மில்லிமீட்டர் அலை வரை இறங்கின, அதாவது 60 கிகா. ஏணிக்காரனின் இ பேண்டுக்கு அடுத்த வீடு! அப்புறம் நாற்பது வருடத்துக்கு மேல் அங்கே பெரிதாக யாரும் போகவில்லை, அந்த உயரத்தில் போதிய சக்தியோடு அலை கிளப்பும் கருவி இல்லை.

1940ல் பர்மிங்காமில் ராண்டலும் பூட்டும் கேவிட்டி மேக்னட்ரான் செய்தார்கள். 10 சென்டிமீட்டர் அலையில் கிலோவாட் கணக்கில் சக்தி. விமானத்துக்குள் அடங்கும் ரேடார் அதனால் சாத்தியமாயிற்று. எல், எஸ், சி, எக்ஸ், கே என்ற எழுத்துகள் எல்லாம் அந்தப் போர்க்காலத்து ரகசியக் குறிகள். 10 சென்டிமீட்டர் எஸ், 3 சென்டிமீட்டர் எக்ஸ். இன்னும் நுணுக்கமாகப் பார்க்கலாம் என்று 1.25 சென்டிமீட்டருக்குப் போனார்கள், அது கே பேண்ட். அங்கே பிரச்சினை, 22 கிகா பக்கத்தில் காற்றிலிருக்கும் நீராவி அலையை உறிஞ்சுகிறது. ஈரக்காற்றில் ரேடார் பார்வை மங்கியது. கேயூ, கேஏ என்று கே பேண்டின் கீழும் மேலும் தனித்தனியாகப் பிரித்துப் பேசுவது அந்த ஓட்டைக்கு இரண்டு பக்கமும் ஒதுங்கியதால் வந்தது.

அந்த ரேடார்கள் இன்றும் அதே இடங்களில் இருக்கின்றன. சென்னையில் புயல் பார்க்கும் டாப்ளர் ரேடார் எஸ் பேண்ட், மழை ஊடுருவித் தூரம் பார்க்க வேண்டும் என்பதால். தும்பாவில் இருப்பது சி பேண்ட். சின்ன வட்டத்தில் நுணுக்கமாகப் பார்க்க எக்ஸ். 2025 ஜூலையில் போன நிசார் செயற்கைக்கோளில் எல், எஸ் இரண்டும் உண்டு. அதன் எல் பேண்ட் 24 சென்டிமீட்டர் அலை இலைக்கூரையைத் தாண்டித் தரையைப் பார்க்கும். சரிவு மெல்ல நகர்வதைக் காட்டக்கூடியது, குன்னூர்க்காரர் ஊருக்கும் நம் ஊருக்கும் வேண்டியதுதான்.

பேரிக்காய்த்தோட்டம் (வில்பட்டி) | ஞாயிறு, காலை 9:48

சின்னச் சந்தேகம். எங்கள் ஹோம்ஸ்டே சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடினால் விருந்தாளிகள் வைஃபை இல்லை என்கிறார்கள். அடுப்பும் வைஃபையும் ஒரே பேண்டா? தண்ணீர் மூலக்கூறு அந்த அலைவரிசையில்தான் ஆடும் என்று படித்தேன். அப்படியானால் வைஃபையும் நம்மைச் சமைக்கிறதா? தோட்டத்தில் தேனீ குறைந்ததும் டவரால்தான் என்கிறார்கள்.

விண்ணொலி (கொடைக்கானல்) | ஞாயிறு, காலை 10:20

ஆமாம் அக்கா, ஒரே பேண்ட். அடுப்பு 2450 மெகாஹெர்ட்ஸ், வைஃபை 2400 முதல் 2483. தண்ணீருக்கு அங்கே தனி ராசி எதுவும் இல்லை. தொழிலுக்கும் அடுப்புக்கும் என்று 1947 உலக மாநாட்டில் ஒதுக்கிய பேண்ட், அவ்வளவுதான். தண்ணீர் அலையை உறிஞ்சுவது இன்னும் மேலே போகப்போகக் கூடும். அடுப்பு 2450ல் இருப்பதால் அலை உணவுக்குள் சில சென்டிமீட்டர் இறங்குகிறது. யாருக்கும் பாதுகாப்பு உத்தரவாதம் இல்லாத பேண்ட் என்பதால்தான் உரிமம் இல்லாமல் வைஃபைக்கும் புளூடூத்துக்கும் விட்டார்கள். இங்கே வெளிப்புறப் பயன்பாட்டுக்கு 2005ல் திறந்தது.

அடுப்புக்குள் ஆயிரம் வாட் அளவு, இரும்புப் பெட்டிக்குள் அடைத்து. ரூட்டர் பத்தில் ஒரு வாட், அதுவும் அறை முழுக்கப் பரவி. சமைக்காது. அடுப்புக் கதவு சரியாக மூடாமல் கசிகிறதா பாருங்கள், ரூட்டரை 5 கிகாவுக்கு மாற்றுங்கள்.

நெறியாளர் | ஞாயிறு, காலை 10:41

தேனீ, கதிர்வீச்சு பற்றித் தனி இழை இருக்கிறது. இங்கே வேண்டாம்.

பூண்டுக்காடு (பூம்பாறை) | ஞாயிறு, மதியம் 12:15

அளந்துவிட்டேன். உள் அகலம் 28.5, உயரம் 12.6 மில்லிமீட்டர்.

ஆர்டர்வயர் (பெரியகுளம்) | ஞாயிறு, மதியம் 12:50

அப்படியானால் 7 கிகா. 150ஐ அகலத்தால் வகுங்கள், 5.26 வரும். அந்தக் குழாயில் 5.26 கிகாவுக்குக் கீழே எதுவும் நுழையாது. நன்றாக வேலை செய்வது 7.05லிருந்து 10 வரை. 6 கிகா தடமாக இருந்தால் 35 அல்லது 40 மில்லிமீட்டர் இருந்திருக்கும். ஆறடி டிஷ், 7 கிகா, மலையிலிருந்து இறங்கியது என்றால் கிளைத் தடம். மலைக்கு மேல் ரயில் இல்லை, ஆகையால் ரயில்வேயை விட்டுவிடலாம். எங்கள் துறையாக இருக்க வாய்ப்பு அதிகம். குழாயின் முனையில் மெல்லிய பிளாஸ்டிக் ஜன்னல் கிழிந்து ஒட்டிக்கொண்டிருக்கிறதா? உலர்காற்று வெளியேறாமல் தடுக்க ஒட்டுவது. இருந்தால் சந்தேகமே வேண்டாம், நிலையத்து வேலை.

பூண்டுக்காடு (பூம்பாறை) | ஞாயிறு, மதியம் 1:05

இருக்கிறது ஐயா! பழுப்பேறிப் போய் ஓரத்தில் கொஞ்சம்.

இதை 5.8 கிகா வைஃபைக்கு வைக்கலாமா? எதிர்மலையில் தெரிந்தவர் வீட்டில் ஃபைபர் இருக்கிறது.

மேல்மலை_நெட் (மன்னவனூர்) | ஞாயிறு, மாலை 3:30

அண்ணே, அந்த ஃபீடோடு (நடுவில் நிற்கும் பித்தளைக் குழாய்) வேண்டாம். 5.8 என்பது 5.26க்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. நுழையும், ஆனால் திணறி நுழையும். ஃபீடைக் கழற்றிவிட்டு வேறு போட்டால் தட்டு பிரமாதமாக வேலை செய்யும். அங்கேதான் சட்டம் குறுக்கே வரும். ஆறடித் தட்டு 5.8ல் 38 டெசிபல் பெருக்கம் தரும். நம் ஊரில் ஆன்டெனாவையும் சேர்த்து உச்சவரம்பு 4 வாட், அதாவது 36 டெசிபல் மில்லிவாட். ரேடியோவை ஒரு மில்லிவாட்டுக்கும் கீழே இறக்கினால்தான் கணக்கு சரியாகும். பத்து கிலோமீட்டருக்குள் என்றால் கடையில் கிடைக்கும் ஒன்றரை அடி டிஷ்ஷே தாராளம். ஆறடித் தட்டில் மோதும் காற்றுக்கு உங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரும் சேர்ந்து பறக்கும்.

எனக்கும் ஒரு கேள்வி. நான் ஹோம்ஸ்டேகளுக்கு 5 கிகாவில் இணையம் கொடுக்கிறேன். ஒரு லிங்க் மட்டும் திடீரென்று ஒரு நிமிடம் நின்றுபோகிறது, தானாகத் திரும்புகிறது. மழையும் இல்லை, மரமும் இல்லை. 5600 பக்கம் வைத்திருக்கிறேன், அங்கே யாருமே இல்லை, காலியாக இருக்கிறது.

விண்ணொலி (கொடைக்கானல்) | ஞாயிறு, மாலை 4:12

காலியாகத் தெரிகிறதே, அதுதான் விஷயம். 5250–5350, 5470–5725 இரண்டிலும் முதல் உரிமை ரேடார்களுக்கு. 5600–5650 வானிலை ரேடார் இடம். உங்கள் ரேடியோ ரேடார் துடிப்பு மாதிரி எதையாவது கேட்டால் உடனே வாயை மூடிக்கொண்டு வேறு சேனலுக்குப் போய், அங்கே அறுபது நொடி காதை வைத்துக் கேட்ட பிறகே பேசும். நிஜ ரேடாராக இருக்க வேண்டும் என்று இல்லை. பக்கத்து லிங்க்கின் பிரதிபலிப்பையே ரேடார் என்று நினைத்துக்கொள்ளும் பெட்டிகள் உண்டு. அந்த வசதியை அணைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 149லிருந்து 165 வரை உள்ள சேனல்களுக்கு, அதாவது 5735க்கு மேல் போங்கள், அங்கே இந்தத் தொல்லை இல்லை. கூட்டம் அதிகம் இருக்கும்.

மேல்மலை_நெட் (மன்னவனூர்) | ஞாயிறு, மாலை 4:40

கூட்டம் என்றால் கூட்டம், சீசனில் ஒவ்வொரு காட்டேஜும் ஒரு டிஷ் மாட்டுகிறது. எல்லாரும் அங்கே இருப்பதால்தான் நான் 5600க்கே ஓடினேன். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் வந்தால் எங்கள் கதை என்னாகும்?

டிஷ்கடை (வத்தலகுண்டு) | ஞாயிறு, மாலை 5:15

2025 ஜூனில் உரிமம் கொடுத்தார்கள். வீட்டுக்கு இறங்குவது கேயூ பேண்ட், தரைநிலையத்துக்கு கேஏ. என்னுடைய டிடிஎச் வாசலிலேயே வந்து நிற்கிறார்கள். டிடிஎச்சாவது ஒரு திசை பார்த்தால் போதும், அதற்கு வானம் அகலமாகத் திறந்திருக்க வேண்டும். பள்ளத்தாக்கில் பைன் மரத்துக்கு நடுவில் இருக்கும் வீட்டுக்கு நீங்கள்தான் கதி, கவலைப்படாதீர்கள்.

ஆர்டர்வயர் (பெரியகுளம்) | ஞாயிறு, மாலை 6:20

ஏணிக்காரனுக்கு. நேற்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். 15, 18, 80 என்று ஏறிக்கொண்டே போவதை மைக்ரோவேவ் வளர்ந்தது என்கிறீர்கள். கீழே இடமில்லாமல் துரத்தப்பட்டு ஏறியது என்கிறேன் நான். எங்கள் 2 கிகா செல்போனுக்குப் போனது. 4ஐச் சுற்றி இப்போது 5ஜி. 6ன் மீது வைஃபைக்காரர்களுக்கும் செல்போன்காரர்களுக்கும் உலகம் முழுக்கக் கண். கொடைக்கானல்–மதுரை தூரத்தை 18ல் ஒரே தாவலில் தாண்டிக் காட்டுங்கள் பார்ப்போம், மழை நாளில்.

ஏணிக்காரன் (பண்ணைக்காடு) | ஞாயிறு, இரவு 8:50

முடியாதுதான் ஐயா. அந்தத் தூரத்துக்கு 6, 7 வேண்டும், அதனால்தான் அதை முழுசாக விட்டுவிடக் கூடாது என்கிறேன். ஆனால் துரத்தினாலும் ஏறினாலும் டவரில் ஆள் இருக்கிறானா இல்லையா? செத்துப்போச்சு என்று சொல்ல நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

பூண்டுக்காடு அண்ணே, அந்தத் தட்டை மொட்டைமாடியில் ஏற்றுவதாக இருந்தால் நிமிர்த்தி வைக்காதீர்கள். காற்று சீசன் முடியும் வரை கவிழ்த்துப் போட்டு, மேலே மணல் மூட்டை வையுங்கள்.

விண்ணொலி (கொடைக்கானல்) | ஞாயிறு, இரவு 9:20

வைஃபைக்கு வேண்டாம் என்றால் என்னிடம் கொண்டு வாருங்கள். 2018ல் போன எஸ்ஹெயில் 2 செயற்கைக்கோளில் அமெச்சூர்களுக்கு என்றே ஒரு டிரான்ஸ்பாண்டர் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) இருக்கிறது. ஏறுவது 2.4 கிகா, இறங்குவது 10.489. பழைய டிடிஎச் எல்என்பி ஒன்றை அந்தத் தட்டில் மாட்டினால் ஐரோப்பா, ஆப்பிரிக்கா, வளைகுடா ஆட்கள் பேசுவது கேட்கும். 25.9 டிகிரி கிழக்கு, அதாவது நமக்கு மேற்கே, 30 டிகிரி உயரத்தில். பூம்பாறையில் உங்கள் வீட்டுக்கு மேற்கே மலை எவ்வளவு உயரம் நிற்கிறது என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள்.

பூண்டுக்காடு (பூம்பாறை) | ஞாயிறு, இரவு 9:34

மேற்கே மலை நன்றாகவே உயரம். போன் ஆப்பில் சாய்வு பார்த்தால் 22 டிகிரி காட்டுகிறது. அதற்கு மேல் மரம் இருக்கிறது, அதைப் பகலில்தான் அளக்க முடியும். எல்என்பி டிஷ்கடை அண்ணனிடம் கிடைக்குமா?

டிஷ்கடை (வத்தலகுண்டு) | ஞாயிறு, இரவு 9:41

பெட்டி நிறையக் கிடக்கிறது. புதன் சந்தைக்கு இறங்கும்போது வந்து பொறுக்கிக்கொள்ளுங்கள்.